ஆணி தெரியாமல் சுவரில் மரப் பேனல் மாட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் டிவி சுவர் முழுக்க மரப் பேனல் போட நினைத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தோம்: முகப்பில் ஒரு ஸ்க்ரூ தலையோ, புட்டி வைத்து அடைத்த புள்ளியோ தெரியக் கூடாது. யாரைக் கேட்டாலும் "பசை போட்டு ஒட்டிடலாம், நாலு ஹெட்லெஸ் ஆணி அடிச்சிடலாம்" என்பதுதான் பதில். அப்படி ஒட்டிக் கொடுக்கப்பட்ட பேனல் ஒன்று அடுத்த மழைக்காலத்திலேயே மேல் ஓரத்தில் பிரிந்துகொண்டு வந்தது. பின்னால் பார்த்தால் பசை பிடித்துக்கொண்டுதான் இருந்தது, சுவரின் பெயிண்ட்டும் புட்டியும்தான் அதோடு பெயர்ந்து வந்திருந்தன. அப்புறம் விசாரித்து, அலைந்து, சரியான முறையைக் கற்றுச் செய்து முடித்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் சொல்லப்போவது பேனலை ஒட்டும் முறை அல்ல, மாட்டும் முறை. 45 டிகிரியில் சரிவாக வெட்டிய இரண்டு பிளைவுட் பட்டைகள் போதும். ஒன்று சுவரில், இன்னொன்று பேனலின் முதுகில். பேனலைச் சற்றுத் தூக்கி இறக்கினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் உட்கார்ந்துகொள்ளும். பேனலின் எடையே அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். பிரெஞ்சு கிளீட் என்று இதைச் சொல்வார்கள். நாளைக்குச் சுவருக்குள் ஒயர் மாற்றணும், கரையான் பார்க்கணும் என்றால் தூக்கிக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஒட்டிய பேனலில் அது நடக்கவே நடக்காது.

10 அடி அகலச் சுவரில் 8 அடி உயரம் வரை பேனல் போடுவதை அளவாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் சுவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகித வேலை

சொந்த ஃபிளாட் என்றால் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டுக்குள் செய்யும் வேலைதானே என்று விடாதீர்கள். டிரில்லிங் சத்தம் மேல் வீடு, கீழ் வீடு வரை கேட்கும். பல அசோசியேஷன்களில் வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூடாது, திரும்பத் தரப்படும் டெபாசிட் கட்டணும், லிஃப்டில் 8 அடி பலகை ஏற்றக் கூடாது என்றெல்லாம் இருக்கும். முழு பிளைவுட் ஷீட் பெரும்பாலான லிஃப்டுகளுக்குள் நுழையாது என்பதால் மாடிப்படிக் கூலி தனியாக வரும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம், காலி செய்யும்போது பேனலைக் கழற்றி எடுத்துப்போகலாமா, துளைகளை யார் அடைப்பது என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், எழுத்தில் இருக்கணும்.

கொட்டேஷன் வாங்கும்போது "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளவே கூடாது. கீழே உள்ளவை தனித்தனி வரியாக இருக்கணும்:

– பிளைவுட் எந்த கிரேடு, எத்தனை மி.மீ., எத்தனை ஷீட்
– வெனீர் (இயற்கை மர முகப்புள்ள மெல்லிய ஷீட்) அல்லது லேமினேட்டின் (மர டிசைன் அச்சிட்ட மெல்லிய ஷீட்) பெயர், நம்பர்
– முதுகுப்பக்க லேமினேட் உண்டா இல்லையா
– சுவர்ப் பட்டைகள் விலைக்குள் அடக்கமா, தனியா
– பாலிஷ் எந்த வகை, எத்தனை கோட்
– எலக்ட்ரிகல் வேலை யார் பொறுப்பு
– ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா

சுவர்ப் பட்டைதான் பெரும்பாலும் கடைசியில் "ஃபிரேம் வேலை எக்ஸ்ட்ரா" என்று பில்லில் முளைக்கும்.

பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். சாதாரண எம்ஆர் கிரேடு, அதைவிட ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் கிரேடு இரண்டும் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர எண்ணில் வரும். ஈரத்தை இன்னும் அதிகமாகத் தாங்கும் பிடபிள்யூபி அல்லது மரைன் என்றால் ஐஎஸ் 710. உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். ஷீட்டை வெட்டிய பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனது என்றே தெரியாது. பில்லில் கிரேடும் தடிமனும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வாரண்டி கேட்கப் போனால் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.

2. சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டினால் மற்ற எல்லாமே வீண். மூன்று விஷயம் பார்க்கணும்.

ஈரம்: ஒரு முழம் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால், அல்லது எடுத்தபின் அந்த இடத்தில் சுவர் நிறம் அடர்ந்திருந்தால், பேனல் போடும் நேரம் இதுவல்ல. குறிப்பாகப் பாத்ரூமை ஒட்டிய சுவர், மழை நேராக அடிக்கும் வெளிச்சுவர், தரைத்தளச் சுவர் ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதிக்கணும். கசிவை அடைத்து, சுவர் முழுசாகக் காய்ந்த பிறகுதான் மரம். ஈரச் சுவரை மரத்தால் மூடினால் பூஞ்சை பிடிக்கும், கரையானுக்கும் விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

எதனால் கட்டியது: சுவர் மூலையில், பேனல் மூடப்போகும் இடத்தில், ஒரு சோதனைத் துளை போடுங்கள். வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. அது சட்டென்று செங்காவி நிறத்துக்கு மாறினால் உள்ளே செங்கல். அந்த நொடியில் டிரில்லை நிறுத்தி ஆழத்தை அளந்தால் பூச்சின் தடிமன் தெரிந்துவிடும், பெரும்பாலும் 12 முதல் 20 மி.மீ. வரும். சாம்பல் நிறமே தொடர்ந்து, டிரில் முக்கி முனகினால் கான்கிரீட். பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, லேசான சாம்பல் மாவு கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது நுண்துளைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்.

செங்கல்லுக்கு 8 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் தட்டும் பிளாஸ்டிக் உறை) நன்றாகப் பிடிக்கும். கான்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் வகை சுத்தியல் டிரில் வேண்டும், சாதாரண டிரில்லோடு வருகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏஏசி சுவரில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென்று வரும் 10 மி.மீ. விட்டமுள்ள, நீளமான நைலான் பிளக்கைக் கேட்டு வாங்கணும்.

நேர்: தூக்குக்குண்டையும் நீளமான அலுமினியக் குழாயையும் வைத்துச் சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே குழி என்று பென்சிலால் குறியுங்கள். 10 அடிச் சுவரில் 5, 10 மி.மீ. வளைவு இருப்பது சர்வ சாதாரணம். சுவரை நேராக்க வேண்டியதில்லை, பட்டைகளை நேராக்கினால் போதும்.

3. எலக்ட்ரீஷியன் முதலில், ஆசாரி பிறகு

பேனல் சுவரிலிருந்து சுமார் 34 மி.மீ. முன்னே நிற்கும் (பட்டை 18, பேனல் 16). ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்ச் பெட்டி அந்த அளவு உள்ளே போய்விடும். நீளமான ஸ்க்ரூ போட்டு பிளேட்டை மட்டும் பேனல் மேல் இறுக்கிக் கொடுப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்போது ஒயர் இணைப்புகள் மரத்தின் பின்னால் திறந்து கிடக்கும். பெட்டியையே முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள், பேனலின் முகப்பு வரை பெட்டி மூடியிருக்கணும்.

சுவருக்குள் போகும் ஒயர்க் குழாய்கள் பெரும்பாலும் ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓடும். அந்தப் பாதைகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அங்கே துளையே போடாதீர்கள். ஏசி தண்ணீர்க் குழாய் உள்ளே போகிறதா என்றும் கேளுங்கள். துளை போடும் நேரத்தில் அந்த அறையின் எம்சிபி (மெயின் பெட்டியில் உள்ள ஸ்விட்ச்) அணைந்திருக்கணும், டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். டிவி, வைஃபை, ஸ்பீக்கர் என்று பின்னால் வேண்டியிருக்கலாம் எனத் தோன்றும் எல்லாவற்றுக்கும் இப்போதே ஒரு காலிக் குழாய் போட்டு வைத்துவிடுங்கள்.

4. பேனலை வெட்டுவது

8-க்கு 4 ஷீட் என்பது 2440-க்கு 1220 மி.மீ. நடுவில் வெட்டினால் பிளேடு தின்றது போக ஒவ்வொன்றும் 608 வரும். ஓரத்தைச் சுத்தம் செய்து 600-ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேனல், நடுவில் 3 மி.மீ. வீதம் நான்கு இடைவெளி, மொத்தம் 3012 மி.மீ. 10 அடிச் சுவர் 3048. இரண்டு பக்கமும் 18 மி.மீ. மிஞ்சும், கோணலான மூலையைச் சமாளிக்க அது உதவும்.

12 மி.மீ. பிளைவுட் மேல் 4 மி.மீ. வெனீர் என்றால் ஒரு பேனல் ஏறக்குறைய 15 கிலோ. இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) இதைவிட கனம், ஈரம் பட்டால் ஊதிவிடும், ஸ்க்ரூ பிடிப்பும் குறைவு. தொங்கவிடும் வேலைக்கு பிளைவுட்டையே நான் சொல்வேன்.

முகப்பில் மட்டும் வெனீர் ஒட்டி முதுகை வெறுமனே விட்டால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும். முதுகுக்கும் மெல்லிய பேலன்சிங் லேமினேட் ஒட்டணும். "பின்னாடி யார் பார்க்கப் போறாங்க" என்று இதைத்தான் முதலில் கழித்துவிடுவார்கள். விடாதீர்கள். நாலு ஓரங்களுக்கும் ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் அடிக்கச் சொல்லுங்கள்.

வெனீர் வாங்கும்போது ஒரே கட்டிலிருந்து அடுத்தடுத்த ஷீட்டுகளாக எடுங்கள். மர ரேகை ஒன்றோடொன்று தொடரும். தரையில் ஐந்தையும் பரப்பி வைத்து, எது எங்கே என்று நீங்களே முடிவுசெய்து, முதுகில் 1, 2, 3 என்று நம்பரும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

பலகைகளை மாட்டப்போகும் அறையிலேயே, தரையில் படாமல் கட்டை மேல் படுக்க வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஏசி ஓடும் அறை என்றால் ஏசியைப் போட்டே வைத்திருங்கள். மரம் அந்தக் காற்றுக்குப் பழகட்டும்.

5. பட்டைகள்

18 மி.மீ. பிளைவுட்டில் 150 மி.மீ. அகலத்துக்கு நீளப் பட்டையாக வெட்டி, அதை நடுவில் 45 டிகிரிக்குச் சாய்த்து ஒரே வெட்டாகப் பிளக்கணும். இரண்டு பாதியும் ஜோடி. ஒன்று சுவருக்கு, மற்றது பேனலுக்கு. டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) இருக்கும் ஆசாரியிடம்தான் இதைக் கொடுக்கணும். கையில் பிடிக்கும் கட்டிங் மிஷினில் 8 அடி நீளத்துக்குச் சரிவு ஒரே மாதிரி வராது. ஒரு பேனலுக்கு மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரிசை. நம் சுவருக்குச் சுமார் 30 அடிப் பட்டை வேண்டும், பாதி ஷீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

திசையில்தான் பலரும் குழம்புவார்கள். சுவர்ப் பட்டையின் மேல் ஓரம் சுவரை நோக்கிக் கீழே சரியணும். அதாவது அறைப்பக்கம் உயரம், சுவர்ப்பக்கம் பள்ளம். பேனல் பட்டையின் கீழ் ஓரத்தில் கூர்நுனி பேனலைவிட்டு விலகி, சுவர்ப்பக்கம் இருக்கணும். எதையும் திருகுவதற்கு முன் ஒரு சாண் துண்டு இரண்டைக் கையில் வைத்து மாட்டிப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

சுவரில் மேல் வரிசைதான் முதலில். லேசர் லெவல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தண்ணீர் டியூப் போதும். சின்ன ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது 10 அடிக்கு ஒத்துவராது, ஒவ்வொரு நகர்த்தலிலும் பிழை கூடும்.

ஸ்க்ரூ நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: பட்டை 18, பூச்சு 15, செங்கல்லுக்குள் குறைந்தது 40. மொத்தம் 73, ஆகவே 75 மி.மீ. ஸ்க்ரூ. பிளக் பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் முழுசாகப் போயிருக்கணும். பூச்சில் பாதி, செங்கல்லில் பாதி நிற்கும் பிளக் இறுக்கும்போது பிடித்ததுபோல் இருக்கும், பாரம் ஏறியதும் பூச்சை உடைத்துக்கொண்டு வரும். துளையின் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கைத் தட்டுங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வைத்தால் போதும். கலவை மூட்டில் துளை விழுந்தால் இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.

சுவரில் பள்ளம் உள்ள இடத்தில் பட்டையின் பின்னால் லேமினேட் துண்டுகளைச் சொருகணும். ஒரு துண்டு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் என்பதால் எத்தனை மி.மீ. பள்ளமோ அத்தனை துண்டு. ஸ்க்ரூ அந்தத் துண்டின் வழியாகவே போகணும். மூன்று வரிசையின் முகமும் ஒரே தளத்தில் வந்துவிட்டதா என்று அலுமினியக் குழாயை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். இங்கே செலவழிக்கும் அரைநாள்தான் கடைசியில் பேனல்கள் ஒரே கண்ணாடிபோல் நிற்பதற்குக் காரணம்.

6. பேனலின் முதுகில் பட்டை

பேனலை மெத்தையோ போர்வையோ விரித்து முகம் கீழாகப் படுக்க வையுங்கள். சுவரில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் உள்ள தூரத்தை அளவு நாடாவால் ஐந்து முறை அளக்காதீர்கள். ஒரு நீளக் கட்டையில் அந்தத் தூரங்களை வெட்டுக்குறியாகப் போட்டு, ஐந்து பேனலுக்கும் அதே கட்டையையே வைத்துக் குறியுங்கள்.

ஒரு நுணுக்கம்: நடு, கீழ் வரிசைப் பட்டைகளைப் பேனலில் 1 மி.மீ. மேலே தள்ளிப் பொருத்துங்கள். அப்போது மொத்த எடையும் மேல் வரிசையில் உட்காரும், மற்ற இரண்டும் பேனல் முன்னால் வளையாமல் பிடிப்பதற்கு மட்டும். மூன்றையும் மிகச் சரியாக வைக்கப் போனால் எது முதலில் உட்கார்கிறதோ அது மற்ற இரண்டையும் உட்கார விடாது.

பட்டையை ஃபெவிகால் வகை மரப் பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பொருத்தணும். இங்கே ஸ்க்ரூ நீளம் 25 மி.மீ., அதற்கு மேல் கூடாது. பட்டையும் பேனலும் சேர்ந்தே 34 தான். 35 மி.மீ. ஸ்க்ரூ முகப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 32 போட்டாலும் வெனீர் அடியில் ஒரு சின்ன மேடு கிளம்பும். விரலால் தடவினால்கூட முதலில் தெரியாது, பாலிஷ் ஏறி விளக்கு சாய்வாக விழும்போது பளிச்சென்று தெரியும். சரிசெய்யவும் முடியாது. ஆசாரியின் பெட்டியில் எல்லா நீளமும் கலந்து கிடக்கும், ஆகவே 25 மி.மீ. பாக்கெட்டை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள்.

7. பாலிஷ், பிறகு மாட்டுவது

பாலிஷை மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். படுக்க வைத்து அடித்தால் வழியாது, ஓரங்களுக்கும் சரியாகப் போகும், சுவரும் கெடாது. முழுசாகக் காயும் வரை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது.

இதற்கிடையில் பேனல் இடைவெளிகள் வரப்போகும் இடங்களில் சுவரில் இரண்டு அங்குல அகலத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள், பட்டைகள் மேலும் சேர்த்து. இல்லாவிட்டால் 3 மி.மீ. சந்து வழியாக வெள்ளைச் சுவர் கோடுகோடாகத் தெரியும்.

மாட்டும்போது பட்டை எவ்வளவு கனமோ அவ்வளவு உயரம் பேனலைத் தூக்கணும், நம் கணக்கில் 18 மி.மீ. ஆகவே பேனலுக்கு மேலே குறைந்தது 20 மி.மீ. காலி இடம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங் வரை பேனல் வேண்டும் என்று கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சீலிங் வரை போகணும் என்றால் அந்த 20 மி.மீ. இடைவெளியைக் கறுப்பாக்கி நிழல்கோடாக விடலாம், எல்இடி பட்டை வைக்கலாம். பேனல் 8 அடியோடு நின்றால் மேல்சந்தை ஒரு மெல்லிய பட்டையால் மூடுங்கள், பல்லியும் கரப்பானும் குடியேறாது.

கீழே தரையிலிருந்து 10 மி.மீ. விட்டு நிறுத்துங்கள், வீடு துடைக்கும் தண்ணீர் மரத்தில் ஏறாது. சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல் சுவரைவிட 18 மி.மீ.-க்குள் துருத்தியிருந்தால் பேனல் அதன் முன்னாலேயே இறங்கிவிடும், டைலை உடைக்கத் தேவையில்லை.

டிவி ஸ்டாண்டை மட்டும் பேனலில் திருகாதீர்கள். டிவி வரும் இடத்தில் பேனலுக்கும் சுவருக்கும் நடுவே 18 மி.மீ. பிளைவுட் துண்டைச் சுவரில் முதலிலேயே பொருத்தி, ஸ்டாண்ட் ஸ்க்ரூ பேனலையும் அந்தத் துண்டையும் தாண்டிச் சுவருக்குள்ளேயே போகும்படி செய்யணும். ஏறக்குறைய 100 மி.மீ. நீள ஸ்க்ரூ தேவைப்படும். அது டிவிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

8. செலவும் நாட்களும்

பிராண்டையும் கடையையும் பொறுத்து விலை நிறைய மாறும், ஆகவே இதை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பிடபிள்யூபி பிளைவுட் சதுர அடிக்கு 80 முதல் 120 ரூபாய். ஒரு ஷீட் 32 சதுர அடி, நமக்கு மூன்று ஷீட் வேண்டும். சுவர் 80 சதுர அடிதான் என்றாலும் காசு 96-க்குப் போகும். பட்டைக்கு 18 மி.மீ. ஒரு ஷீட். மிச்சத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசாரியோடு அனுப்பாதீர்கள். வெனீர் விலைக்கு எல்லையே இல்லை, 100 ரூபாயிலும் உண்டு, அதைப்போல் நாலு மடங்கிலும் உண்டு. ஆசாரி கூலி நாளுக்கு 1,000 முதல் 1,500 வரை, உதவியாளுக்குத் தனி. ஸ்க்ரூ, பிளக், பசை எல்லாம் சேர்த்து 2,000-க்குள் முடியும். பாலிஷ்காரர் தனி ஆள், தனிக் கணக்கு. மெலமைன் பாலிஷைவிட பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் நன்றாகவே விலை கூடும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பொருள் வந்ததும் ஒரு பங்கு, சுவர்ப் பட்டைகள் நேராக நிற்பதை நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, மாட்டி முடித்ததும் மீதி. நடுவில் உள்ள பங்கு ரொம்ப முக்கியம், பேனல் ஏறிவிட்டால் பட்டையை யாரும் பார்க்க முடியாது.

நாள் கணக்கு: அனுமதிக்கு ஒரு வாரம். எலக்ட்ரிகல் வேலைக்கும் பூச்சு காயவும் ஒரு வாரம். பலகை அறையில் கிடக்க மூன்று நாள். வெனீர் ஒட்டி அழுத்தி எடுக்க இரண்டு நாள், பட்டை வேலைக்கு இரண்டு நாள், பாலிஷுக்கு நாலைந்து நாள். மாட்டுவதற்கு ஒரே நாள். சென்னை, கடலூர், நாகை என்று கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மரம் ஈரத்தை இழுக்கும், பாலிஷ் வெளுத்துப்போகும். பிப்ரவரிக்கு மேல் தொடங்குவதுதான் நல்லது.

மாட்டி முடித்த அன்றே ஒரு பேனலைக் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், கடைசிப் பங்கைக் கொடுப்பதற்கு முன்பு. கழற்றும்போது சுவர்ப் பட்டைகளின் படத்தையும் அளவுகளையும் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், ஓரத்துப் பேனல் ஒன்றையாவது இறக்கிப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.